உறுதி வருமுன் காசு போகலாமா?

வாசகர் கடிதம்:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில் மகன் குடும்பத்தோடு இருக்கிறோம். தனியார் கம்பனியில் கணக்காளராக இருந்த கணவர் போன வருடம் இளைப்பாறினார். அவருடைய சேமலாப நிதிக் காசு 95 லட்சம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் என் சீதனக் காணியை விற்ற காசு 60 லட்சம். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஒரு கோடி தருவதாகச் சொல்கிறான். தெஹிவளையில் கட்டிக்கொண்டிருக்கும் ஒன்பது மாடித் தொடர்மாடியில் இரண்டு அறை வீடு 2 கோடி 80 லட்சம். இப்போது மூன்றாம் தட்டு வரை எழும்பியிருக்கிறது. மூன்று மாதத்துக்குள் 70 வீதம் கட்டினால் 20 லட்சம் கழிவு. வீடு முடிந்த பிறகு மூன்று வருடத்துக்கு, வருடம் 8 வீதம் வாடகை உத்தரவாதம் என்கிறார்கள். அதே ஒழுங்கையில் அந்த அளவு வீடு மாதம் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்குப் போகிறது. மற்றச் செலவுகளும் சேர்த்துக் குறைகிற 30 லட்சத்துக்கு மகன் பெயரில் வங்கிக் கடன் எடுக்கலாம் என்று யோசிக்கிறோம். தரகர் அத்துருகிரியவில் 12 பேர்ச்சஸ் காணியும் காட்டுகிறார். எதை வாங்குவது? யாருடைய பெயரில் எழுதுவது? தம்பியின் பங்கை எப்படிக் காட்டுவது? கொழும்பில் விலை ஒருநாளும் இறங்காது என்கிறார்களே, உண்மையா? வீடு வாங்குபவரை ரேரா சட்டம் காக்கும் என்று யூடியூப்பில் ஒரு சென்னைக்காரர் சொல்கிறார், அது இங்கேயும் உண்டா? ஒப்பந்த வரைபை இத்துடன் அனுப்புகிறேன்.

சட்டத்தரணி, நொத்தாரிசின் பதில்:

ரீச்சர், நேரே பதிலுக்கு வருகிறேன். இந்த வீட்டை, இந்த ஒப்பந்தத்தில், இந்தக் காசைக் கொண்டு வாங்க வேண்டாம்.

தெஹிவளையில் வீடு வாங்குவதே பிழை என்று நான் சொல்லவில்லை. வரைபை இரண்டு முறை வாசித்தேன். 70 வீதம் என்றால் கழிவு போக 1 கோடி 82 லட்சம். அந்தக் காசு எந்தத் திகதிக்குள் கம்பனிக்குப் போக வேண்டும் என்பது நாள் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. உறுதி, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரம், எப்போது உங்கள் கைக்கு வரும் என்பதற்கு அந்தப் பதினொரு பக்கத்தில் ஒரு திகதி கூட இல்லை. "உரிய அனுமதிகள் கிடைத்த பின்னர்" என்று மட்டும் இருக்கிறது. காணி, வீடு விஷயமாக என்னிடம் வருகிற முறைப்பாடுகளில் விலை இறங்கி நட்டப்பட்டவர்கள் குறைவு. காசை முன்னால் விட்டுவிட்டு, காகிதத்துக்காக வருடக்கணக்கில் அலைகிறவர்கள்தான் அதிகம்.

விலைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். விலை இறங்காது என்பதைத் தரகர்மார் எல்லோரும் சொல்வார்கள். ரூபாவில் எழுதிய தொகையை மட்டும் பார்த்தால் அது உண்மை போலவும் தெரியும். ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். காணி விலையும் ஏறத்தான் செய்தது, ஆனால் அந்த வேகத்தில் ஏறவில்லை. 2 கோடி 80 லட்சம் என்பது 200 ரூபா டொலரில் 1,40,000 டொலர். 360 ரூபா டொலரில் 78,000 கூட இல்லை. வெளிநாட்டுக் காசில் கணக்குப் பார்க்கிற உங்கள் தம்பிக்கு இதைக் காட்டுங்கள். இன்னொன்று, ஊரில் பேசப்படுகிற விலையெல்லாம் கேட்கிற விலை. அந்த விலைக்கு வாங்க ஆள் வந்தால்தான் அது விலை. அவசரத்துக்கு விற்கப் போனால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுபடுவது கொழும்பில் சாதாரணம்.

இனி ஒப்பந்தம். கம்பனி உங்களுக்கு அனுப்பியிருப்பது சாதாரணத் தாளில் அடித்த ஒரு பதிவுப் படிவமும், கம்பனி முத்திரை குத்திக் கையெழுத்து வைக்கிற உடன்படிக்கையும். நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்துவதற்கு அதில் இடமே விடப்படவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணியையோ வீட்டையோ விற்பது மட்டுமல்ல, விற்பதாகச் செய்கிற உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதை வைத்துக்கொண்டு "எனக்கு வீட்டை எழுதித் தா" என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. கட்டிய காசைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஐந்து வருடம் கழித்து அதே 1 கோடி 82 லட்சம் திரும்பி வந்தால் அதில் என்ன வாங்கலாம் என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும்.

நீங்கள் யூடியூப்பில் பார்த்த ரேரா பற்றியும் எழுதியிருந்தீர்கள். அது இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே வாங்குபவர்களிடம் எடுத்த காசில் 70 வீதத்தைக் கட்டுபவர் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். சென்னைக்காரர் சொல்வது சென்னைக்குச் சரி. இங்கே அப்படியான கட்டாயம் இல்லை. நீங்கள் கட்டுகிற காசு கம்பனியின் பொதுக் கணக்குக்குப் போகும். அது உங்கள் கட்டடத்துக்கே செலவாகும் என்பதற்கு அவர்களுடைய வாய்ச்சொல்தான் பிணை.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் காணி இப்போது யாரிடம் ஈட்டில் இருக்கிறது? கட்டுகிற கம்பனிகள் பெரும்பாலும் காணியை வங்கியில் ஈடு வைத்துத்தான் கட்டுகின்றன. அது தவறில்லை. ஆனால் கம்பனி கடனைக் கட்டாமல் விட்டால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு சொத்தை ஏலத்தில் விடலாம். பராட்டே என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. அப்படி நடந்தால், வெறும் பற்றுச்சீட்டு வைத்திருக்கிற நீங்கள் வங்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே கம்பனியிடம் கேளுங்கள்: காணி ஈட்டில் இருக்கிறதா, எந்த வங்கியில், என் வீட்டுக்குரிய விடுவிப்பை வங்கி எந்தக் கட்டத்தில் தரும், அதை வங்கியே கடிதமாகத் தருமா? நல்ல கம்பனி இந்தக் கடிதத்தைத் தரும். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் அன்ரி" என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். கம்பனி சொல்வதை மட்டும் நம்பவும் வேண்டாம். உங்கள் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடிப் பார்த்தால், உறுதிகள் எப்படிக் கைமாறின, எங்கே ஈடு பதிவாகியிருக்கிறது, வழக்கு ஏதும் இருக்கிறதா என்பது வெளியில் வரும்.

"உங்கள் சட்டத்தரணி" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கம்பனியின் சட்டத்தரணியே உங்கள் வேலையையும் இலவசமாகச் செய்து தருவார் என்று வரைபில் இருக்கிறது. அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறாரோ அவருக்குத்தான் கடமைப்பட்டவர்.

அப்புறம் கட்டடம் முடிந்தாலும் உறுதி தானாக வராது. நகர அபிவிருத்தி அதிகாரசபையும் மாநகர சபையும் அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டியிருக்கிறார்கள் என்று இணக்கச் சான்றிதழ் கிடைக்க வேண்டும். சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதற்குப் பிறகு கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகாரசபையின் சான்று, அதற்குப் பிறகு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி கூட்டு ஆதனப் பிளானைப் பதிவது. இவ்வளவும் முடிந்தால்தான் உங்கள் வீடு சட்டத்தின் கண்ணில் தனி ஆதனமாகப் பிறக்கிறது. எட்டு மாடிக்கு அனுமதி எடுத்துவிட்டு ஒன்பதாவதையும் கட்டினால், ஒன்பதாம் மாடிக்காரருக்கு மட்டும் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். சான்றிதழ் முழுக் கட்டடத்துக்கும் சிக்கும். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் பத்து, பதினைந்து வருடம் குடியிருந்தும் உறுதி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வீடு இருக்கிறது, சாவி இருக்கிறது. விற்கப் போனால் வாங்குபவருக்கு எந்த வங்கியும் கடன் தராது. ஆகவே அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, எத்தனை மாடி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆசிரியை நீங்கள், அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை.

வரைபின் நாலாம் பந்தியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டின் அளவு "அண்ணளவாக 1,050 சதுர அடி" என்று இருக்கிறது. அடுத்த வரியில், அந்த அளவுக்குள் வெளிச்சுவரின் பாதி, பல்கனி, நடைபாதையிலும் லிப்டிலும் உங்களுக்குரிய பங்கு எல்லாம் அடங்கும் என்கிறார்கள். கதவைத் திறந்து உள்ளே போனால் 800 இருக்கலாம், 850 இருக்கலாம். நிலஅளவையாளர் பதிகிற பிளானில் உள்ளளவு குறைந்தால் விலை குறையுமா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதே பந்தியில் "ஒரு வாகனத் தரிப்பிடத்தைப் பயன்படுத்தும் உரிமை" என்று மட்டும் இருக்கிறது. தரிப்பிடம் உங்கள் வீட்டோடு சேர்ந்த கூறாகப் பிளானில் இலக்கமிட்டு வந்தால்தான் அது உங்களுடையது. இல்லாவிட்டால் அது பொது இடம். நாற்பது வீட்டுக்கு இருபத்தைந்து தரிப்பிடம் இருக்கிற கட்டடத்தில் பொது இடம் என்றால் என்ன நடக்கும் என்று வெள்ளவத்தையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அயலவர்கள் பேசாமல் போன கதைகளில் முக்கால்வாசி அந்தக் கீழ்த்தட்டில்தான் தொடங்குகிறது.

ஒன்பதாம் பந்தி விலையேற்றம். மூலப்பொருள் விலை கூடினால் கம்பனி விலையைக் கூட்டலாம், எவ்வளவு என்பதற்கு எல்லை இல்லை. தாமதத்துக்கு நட்டஈடும் இல்லை. 2022இல் சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தாண்டியபோது இந்த மாதிரிப் பந்திகளை வைத்துத்தான் வாங்கியவர்களிடம் இன்னும் காசு கேட்டார்கள். உச்ச எல்லை ஒன்று போடச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 8 வீத உத்தரவாதம். 2 கோடி 60 லட்சத்தில் 8 வீதம் வருடத்துக்கு 20 லட்சத்து 80 ஆயிரம், மாதம் 1 லட்சத்து 73 ஆயிரம். அதே ஒழுங்கையில் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு வீடு போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதம் 63 ஆயிரத்தைக் கம்பனி தன் கையிலிருந்து ஏன் போட வேண்டும்? மூன்று வருடத்துக்கு அது கிட்டத்தட்ட 23 லட்சம். அந்தக் காசு விலைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் காசை உங்களுக்கே தவணையில் தருகிறார்கள். நாலாம் வருடம் வாடகை 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு இறங்கும். அதுவரை கம்பனி இருந்தால்தான்.

உண்மையான வருமானத்தைப் பார்ப்போம். வீட்டுக்கு 2 கோடி 60 லட்சம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும், ஆக 10 லட்சத்து 39 ஆயிரம். நொத்தாரிசுக் கட்டணம், விசிறி, திரைச்சேலை, அலுமாரி என்று எல்லாம் சேர்த்தால் 2 கோடி 85 லட்சத்தில் போய் நிற்கும். வருடத்தில் ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடக்கும் என்று வையுங்கள். பதினொரு மாத வாடகை 12 லட்சத்து 10 ஆயிரம். பராமரிப்புக் கட்டணம் மாதம் 20 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். ஆதன வரி, பூச்சு, தண்ணீர்க் குழாய் திருத்தம் ஒரு லட்சம். மிஞ்சுவது 8 லட்சத்து 70 ஆயிரம். போட்ட காசில் 3 வீதம், அதுவும் வருமான வரிக்கு முன்னால். விலை தந்த தாளில் வரி சேர்த்தா சேர்க்காமலா என்றும் எழுதவில்லை. பெறுமதி சேர் வரி வருமா, வந்தால் யார் கட்டுவது என்பதைத் தொலைபேசியில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள்.

மகன் பெயரில் 30 லட்சக் கடன் என்கிறீர்கள். 12 வீத வட்டியில் பதினைந்து வருடத்துக்கு மாதம் 36 ஆயிரம் ரூபா வரும். வருடத்துக்கு 4 லட்சத்து 32 ஆயிரம், மிஞ்சுகிற வாடகையில் பாதி. வட்டி மாறாது என்று யாரும் எழுதித் தரவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருட முடிவில் வங்கிகள் முதல்தர வாடிக்கையாளர்களுக்கே 25 வீதத்துக்கு மேல் வட்டி போட்டன. உங்கள் கடனுக்கு வட்டி 24 ஆனால் தவணை 61 ஆயிரத்து 700. குடும்பம் நடத்துகிற மகனின் தலையில் அதை வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று கடிதத்தில் இல்லை, ஆனால் நான் கேட்க வேண்டும். கணவருக்கு ஓய்வூதியம் இல்லை. இருதய வருத்தம், கண் சத்திரசிகிச்சை என்று வந்தால் எந்தக் காசு? வீட்டின் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. சேமலாப நிதிக் காசில் குறைந்தது பாதியை நிலையான வைப்பிலோ திறைசேரி உண்டியலிலோ வைத்திருங்கள். கொழும்பில் ஒரு சொந்த இடம் வேண்டும் என்ற ஆசை எங்கள் ஆட்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். 83ஆம் ஆண்டுக் கலவரத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த ஆசையில் பிழை இல்லை. ஆனால் அதை முதலீடு என்று பெயர் மாற்றி வைத்தால் கணக்குத் தவறிப்போகும்.

தம்பியின் ஒரு கோடிதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அவர் கனடாக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமை போயிருக்கும். இரட்டைக் குடியுரிமை எடுத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காவிட்டால் சட்டத்தின் முன் அவர் வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குப் பொதுவாகக் காணி எழுத முடியாது. தொடர்மாடி வீட்டுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் முழுக் காசும் உறுதி எழுதுமுன் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வர வேண்டும் போன்ற நிபந்தனைகள் அதோடு வருகின்றன. "இப்போ அக்கா பெயரில் எழுதுவோம், பிறகு என் பங்கை மாற்றலாம்" என்று அவர் நினைத்தால், அந்தப் பிறகு வராமலே போகலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே பங்கு வேண்டும் என்றால் முதலில் அவர் அதை எடுக்கட்டும்.

பங்கு வேண்டாம், அக்காவுக்கு உதவி என்றால் அதை ஒரு கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பச் சொல்லுங்கள். கடன் என்றால் கடன் என்று எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து கடனாக வருகிற காசுக்கு அந்நியச் செலாவணி விதிகள் உண்டு, வங்கியில் கேட்டு அவர்கள் சொல்கிற கணக்கு வழியாக எடுக்க வேண்டும். எப்படியானாலும் உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆட்கள் மூலம் காசு மாற்றுகிற முறையில், எடுக்க வேண்டாம். இரண்டு ரூபா கூடக் கிடைக்கிறது என்று உண்டியலில் எடுத்தால், அந்த ஒரு கோடி எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. நாளைக்கு விற்று அவருக்குத் திருப்பி அனுப்பவும் வழி இருக்காது. உங்கள் இருவருக்கும் இடையில் பிரச்சினை வராது என்பதை நான் நம்புகிறேன். பிரச்சினை உங்கள் பிள்ளைகளுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் இடையில்தான் வரும். அவர்களுக்கு நீங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டது தெரியாது.

அத்துருகிரியக் காணி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காணி மாதாமாதம் எதுவும் தராது, உங்களுக்குத் தேவை மாத வருமானம். வாங்குவதானால், துண்டு பிரித்த பிளானுக்கு உள்ளூராட்சி சபையின் அனுமதி இருக்கிறதா, தெரு யாருடைய பெயரில் இருக்கிறது, தவணை முழுக்கக் கட்டிய பிறகா உறுதி தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொழும்பைச் சுற்றி நிரப்பிய வயலும் சதுப்பும் நிறைய. உறுதியின் அட்டவணையில் காணியின் பெயர் "கும்புர" என்று முடிந்தால் அது ஒருகாலத்தில் வயல். நிரப்ப அனுமதி எடுத்தார்களா என்று கேளுங்கள். 2016 மே வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், எதிர்க் கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்கிவிட்டு வேலி அடைக்காமல் வெள்ளவத்தையில் இருந்தால் அடுத்த ஆபத்து. வேறொருவர் உங்கள் உரிமையை ஏற்காமல் பத்து வருடம் தடையின்றி ஆண்டால், ஆட்சியுரிமை கேட்டு வழக்காட அவருக்கு இடம் வந்துவிடும்.

சரி, அப்படியானால் எதை வாங்குவது? உங்கள் இடத்தில் நான் இருந்தால், கட்டி முடித்து, உறுதி எழுதி, ஆட்கள் குடியிருக்கிற ஒரு தொடர்மாடியில் பழைய வீடு ஒன்றைத் தேடுவேன். ஒன்றரைக் கோடிக்கு உட்பட்டது, கடன் இல்லாமல். பளபளப்பு இருக்காது, நீச்சல் தடாகம் இருக்காது. ஆனால் அங்கே எதையும் நம்பத் தேவையில்லை, எல்லாவற்றையும் பார்க்கலாம். பின்னேரம் ஆறு மணிக்குப் போய் லிப்டில் ஏறி இறங்குங்கள். மேல்தட்டுச் சுவரில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து கட்டடத்தை நடத்துகிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கணக்கறிக்கையைக் கேளுங்கள். பராமரிப்புக் கட்டணத்தை எத்தனை வீட்டுக்காரர் கட்டாமல் இருக்கிறார்கள் என்பது அதில் தெரியும், பாதிப்பேர் கட்டாத கட்டடத்தில் லிப்ட் நிற்கிற நாள் தூரமில்லை. விற்பவர் இதை நன்கொடை உறுதியில் பெற்றவரா, பெற்றோருக்குச் சீவிய உரித்து (வாழும்வரை அனுபவிக்கிற உரிமை) வைத்திருக்கிறார்களா என்று உங்கள் சட்டத்தரணி பார்க்க வேண்டும். விற்பவர் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் என்றால், வீடு கொழும்பில் இருந்தாலும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கணவர் லண்டனில் இருக்கிறார், பேசிக்கொள்ளலாம் என்பதெல்லாம் செல்லாது.

முற்பணம் கொடுக்கிற அன்றைக்கே நொத்தாரிசு முன் உடன்படிக்கை எழுதுங்கள். உறுதி கையெழுத்தான உடனே பதிவுக்குப் போக வேண்டும். ஒரே ஆதனத்துக்கு இரண்டு உறுதி எழுதப்பட்டால், மோசடி இல்லாதவிடத்து, 1927ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி முதலில் பதிந்ததுதான் முந்தும். விலையைக் குறைத்து எழுதி முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பின்னால் நீங்கள் விற்கும்போது மூலதன ஆதாய வரிக்கு அந்தக் குறைந்த விலையைத்தான் நீங்கள் வாங்கிய விலையாக எடுப்பார்கள்.

யாருடைய பெயரில் என்று கேட்டீர்கள். உங்கள் இருவருடைய பெயரிலும். உங்கள் 60 லட்சம் சீதனக் காணியை விற்ற காசு, அது உங்கள் தனி ஆதனம். கணவருடைய சேமிப்பு தேடிய தேட்டக் கணக்கில், அதாவது திருமணத்துக்குப் பிறகு தேடிய சொத்தாக, வரும். எவ்வளவு யாருடையது என்பதை உறுதியிலேயே பங்காக எழுதிவிட்டால் பின்னால் யாரும் கேள்வி கேட்க இடமில்லை. மகன் பெயரைச் சேர்க்கவோ, இப்போதே அவருக்கு நன்கொடை எழுதவோ வேண்டாம். அவருடைய தொழில் கடனோ குடும்பப் பிரச்சினையோ உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். நன்கொடை உறுதியில் இருக்கிற வீட்டுக்குக் கடன் தர வங்கிகளும் யோசிக்கும். அவருக்குப் போக வேண்டும் என்பதை ஆளுக்கொரு மரணசாசனமாக எழுதுங்கள். ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும், மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் வேறு எழுதலாம்.